இடது கைப்பிடி

பிப்ரவரி 3, திங்கள்

ஜெயசுதா சொன்னாள் என்பதற்காக எழுதுகிறேன். என் மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். அங்கே எதை வாங்குவதென்றாலும் இரண்டை எதிரெதிரே வைத்துப் பார்த்து, எழுதி, பிறகுதான் முடிவெடுப்பார்களாம். "அப்பா, ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பாருங்க. எது எப்படி இருக்குன்னு அன்னன்னைக்கு எழுதி வைங்க. மனசுல தோணுச்சுன்னு ஒண்ணைத் தள்ளிட்டு வந்து நிக்காதீங்க" என்றாள். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் வேண்டும். பின்னால் இரண்டு சக்கரம், அதற்கு மேல் வர்க்கி பிஸ்கட் டின்களை அடுக்க ஒரு பெட்டி. மேட்டுப்பாளையத்தில் மெக்கானிக் வெள்ளிங்கிரியின் பட்டறையில் இரண்டு தயாராக நிற்கின்றன. ஒன்று, கிளட்ச் பிடித்து கியர் மாற்றுவது. இன்னொன்று செமி ஆட்டோமேட்டிக். அதில் கிளட்ச்சே கிடையாது. காலால் கியரை மிதித்தால் போதும், மற்றதை வண்டியே பார்த்துக்கொள்ளும்.

என் இடது கை முழங்கைக்குக் கீழே வேலை செய்யாது. பேக்கரியில் மாவு பிசையும் மிஷின் இழுத்த கை அது. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். ஜெயசுதாவும் கேட்டாள். கோத்தகிரி ஏற்றத்தில் பாரத்தோடு போக கிளட்ச் வண்டிதான் சரி, செமி ஆட்டோமேட்டிக் இறக்கத்தில் நம்பிப் போக முடியாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். பாதி உண்மைதான்.

பேக்கரி முதலாளி இந்த மாதக் கடைசி வரை பொறுப்பேன் என்கிறார். அதற்குள் வண்டி வராவிட்டால் நான் வர்க்கி போடும் டீக்கடைகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வர்க்கி இல்லாமல் இந்த மலையில் யாருக்கும் டீ இறங்காது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தேன். முக்கியமானதை எழுதவே இல்லை.

கை போன பிறகும் நான் பைக் ஓட்டினேன், வருஷக்கணக்காக. பின்னால் என் மனைவி பாக்கியம் உட்கார்ந்திருப்பாள். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் என்னுடையவை. கிளட்ச் அவளுடையது.

சைக்கிள் டியூபை வெட்டி இடது கைப்பிடியில் ஒரு பட்டை போட்டிருந்தேன். செத்த கையை அதில் செருகிவிட்டால் விரல்கள் கிளட்ச் மேல் சும்மா கிடக்கும். பாக்கியம் என் அக்குள் வழியாகக் கையை நீட்டி, அந்த விரல்கள் மேல் தன் விரல்களை வைத்து, சேர்த்து அழுத்துவாள். நான் இடது தோளை லேசாகத் தூக்கினால் பிடிக்க வேண்டும், இறக்கினால் விட வேண்டும். ஒரு வருஷத்தில் அந்தச் சைகையும் தேவைப்படவில்லை. எஞ்சின் சத்தம் மாறும்போதே பிடித்துவிடுவாள். இப்படி உட்காருவதற்காகவே சுடிதார் போடப் பழகினாள். எங்கள் தெரு ஒரு மாதம் அதையே பேசித் தீர்த்தது. "பேசட்டும், வர்க்கிக்காரரே. என் கை இல்லாட்டி உங்க வண்டி வெறும் இரும்பு" என்பாள்.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. இறக்கம் தொடங்கினால் கிளட்சிலிருந்து கையை எடுத்துவிடுவாள். கிளட்ச்சைப் பிடித்தபடி மலை இறங்கினால் எஞ்சின் வண்டியைத் தாங்காது, வண்டி தன் பாட்டுக்கு ஓடும். யாரோ லாரி டிரைவர் அவளுக்கு இதைச் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து வளைவு கண்ணில் பட்டதும் கை என் இடது இடுப்புக்குப் போய்விடும். சட்டையைக் கொத்தாக அள்ளிப் பிடித்துக்கொள்வாள். என் சட்டைகள் எல்லாம் அந்த இடத்தில் கசங்கியே இருக்கும். இஸ்திரி போடும்போது திட்டுவாள். கசக்குவது அவள், திட்டு எனக்கு.

ஐப்பசியில் ஒரு காலை, அரிசி களைந்துகொண்டிருந்தவள் தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் போனேன். பட்டறையில் பெயிண்ட் வாடை மூக்கைத் துளைத்தது.

முதலில் செமி ஆட்டோமேட்டிக். உட்கார்ந்ததும் இடது கைப்பிடியைப் பார்த்தேன். மொட்டையாக இருந்தது. ரப்பரைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. வண்டியைக் குறை சொல்ல முடியாது. மிதித்தால் கியர் விழுகிறது, குலுங்காமல் போகிறது. ஒரே ஒரு விஷயம், ஒவ்வொரு கியருக்கும் முன்னால் என் தோள் தானாகத் தூக்கிக்கொண்டது. வெள்ளிங்கிரி கவனித்துவிட்டான்.

"ஏனுங்ணா, தோள்பட்டை வலிக்குதுங்களா?"

"பழக்கம்" என்றேன்.

"அப்புறம் எதுக்குங்ணா இவ்வளவு முன்னாடி நுனியில உக்காந்திருக்கீங்க? சீட்டு பூராவும் உங்களுதுதானுங்க."

இந்த நான்கு மாதத்தில் நான் நாற்காலியில்கூட நுனியில்தான் உட்காருகிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து கிளட்ச் வண்டி. அதையே வாங்குவதானால் கிளட்ச்சை வலது பக்கம், பிரேக்கின் கீழே மாற்றித் தருவதாகச் சொன்னான். வலது கையாலேயே இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். இப்போதைக்கு அது இடது பக்கமே இருந்ததால், அவன் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு தான் பிடிப்பதாகச் சொன்னான். நான் என் கையைப் பட்டையில் செருகிக்கொண்டேன். அந்தப் பட்டையை வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்தேன். ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை.

பட்டறைத் தெருவில் முதல் கியரில் கிளம்பினோம். சத்தம் ஏறியது. தோளைத் தூக்கினேன், மிதித்தேன். இரண்டாவது கியர் வெண்ணெயாக விழுந்தது. மூன்றாவதும் அப்படியே. "பரவாயில்லையே, சீக்கிரம் பழகிட்டே" என்றேன். பின்னாலிருந்து பதில் இல்லை. வண்டியை நிறுத்தித் திரும்பினேன். அவன் இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நான் புடிக்கவே இல்லீங்ணா. மொத கியரு மட்டுந்தான் நானு."

"அப்ப யாரு?"

"உங்க கைதானுங்ணா. உங்க விரலுதான் மடங்குச்சு. நான் கண்ணால பாத்தனுங்."

கையைப் பார்த்தேன். எப்போதும் போல வெளிறிப் போய்க் கிடந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

எழுதத் தோன்றவில்லை. பீன்ஸ் செடிக்குத் தண்ணீர் விட்டேன். பனியில் இலை கருகியிருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

டாக்டரிடம் போனேன். விரல் விரலாக ஊசியால் குத்தினார். ரத்தம் வந்தது, வலி வரவில்லை. மடக்குங்கள் என்றார். எப்படி மடக்குவது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நடந்ததைச் சொன்னேன். சில சமயம் நரம்பு இழுத்துப் பிடிக்கும், இழுப்பு மாதிரி, அதை நம்பி எதிலும் இறங்காதீர்கள் என்றார்.

இழுப்புக்கு எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று தெரியுமா? கேட்க வாய் வரை வந்தது. ஒரு மாதிரி பார்ப்பார் என்று கேட்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்து மாலை வரை கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டியைச் செருகிப் பார்த்தேன். கதவுத் தாழ்ப்பாள் மேல் வைத்துத் தோளைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. அதற்கு கிளட்ச் வேண்டும்.

பிப்ரவரி 12, புதன்

கிளட்ச் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, இன்று வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். வெள்ளிங்கிரி பின்னால் உட்கார்ந்து மலை ஏறி வந்தான். வழியெல்லாம் அவனே பிடித்தான், என் விரல்களைத் தொடாமல், கிளட்ச்சின் நுனியை மட்டும் பிடித்து. அந்தக் கையைத் தொட அவனுக்குப் பயம்.

இறங்கியதும் சொன்னான். "சனிக்கிழமை சாமான் வந்துருமுங்ணா. நானே வந்து கிளட்ச்ச வலது பக்கம் மாத்திப் போட்டுர்றேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க."

"மாத்த வேண்டாம் வெள்ளிங்கிரி. இடது பக்கமே இருக்கட்டும்."

"இடது பக்கம் இருந்தா யாருங்ணா புடிக்கிறது?"

என் முகத்தைப் பார்த்தான். பிறகு செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே, "அக்கா போய்ட்டாங்கண்ணா" என்றான். அவனுக்கு நல்ல மனசு. பஸ் வரும்வரை அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டியைத் துடைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வேலை செய்கிறது! வீட்டு முன் சந்தில், ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று. தோளைத் தூக்கினால் விரல் மடங்குகிறது. நான் மடக்கவில்லை. சத்தியமாக நான் மடக்கவில்லை. முதுகில் கொஞ்சம் சூடாக இருந்தது, வெயிலாகவும் இருக்கலாம்.

இரவு ஜெயசுதா கூப்பிட்டாள். "வண்டி எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இழுக்குது."

"எந்த வண்டிப்பா?"

"ரெண்டும்" என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

மேட்டுப் பக்கம் உள்ள கடைகளுக்கு மட்டும் வர்க்கி கொண்டுபோனேன். எல்லாம் ஏற்றம். வரும்போது சுற்றுப் பாதையில், இறக்கமே தெரியாத மெல்லிய சரிவில் வந்தேன். நான்கு மாதமாகச் செத்துக் கிடந்த வீட்டில் இன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சமைத்தேன். ரசத்தில் உப்பில்லை. யாரும் திட்டவில்லை.

வழியில் அவளிடம் பேசிக்கொண்டே போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பீன்ஸ் செடி கருகியதைச் சொன்னேன். ஜெயசுதா எடை கூடியிருப்பதைச் சொன்னேன். எத்தனை சந்தோஷமாக இருந்தேன் என்றால், மூன்றாவது கியரில் போகிற இடத்தில்கூட வேண்டுமென்றே இரண்டுக்கு இறக்கி, மறுபடி மூன்றுக்குப் போட்டேன். விரல் மடங்குவதைப் பார்ப்பதற்காக.

பிப்ரவரி 15, சனி

வெள்ளிங்கிரி போன் செய்தான். சாமான் வந்துவிட்டதாம். எனக்குச் சளி, வராதே என்று சொல்லிவிட்டேன். இருமிக் காட்டினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று எழுத்து கோணலாக இருக்கும்.

போஜன் டீக்கடை கீழ்ஹட்டி கிராமத்தில் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டே போகும் ரோடு. என் கடைகளிலேயே பெரியது அதுதான். போகாமல் இருக்க முடியாது. டின்களைக் கட்டிக்கொண்டு காலையில் கிளம்பினேன்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் இரண்டாவது கியரில் இருந்தேன். எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டியைத் தாங்கிப் பிடித்திருந்தது. திடீரென்று அந்த உறுமல் நின்றது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி ஓட ஆரம்பித்தது.

குனிந்து பார்த்தேன். என் இடது கை கிளட்ச்சை முழுக்க அழுத்திப் பிடித்திருந்தது. நான் தோளைத் தூக்கவில்லை. தோளை அழுத்தி இறக்கினேன். விடவில்லை. இரண்டு பிரேக்கையும் மிதித்தும் பிடித்தும் பார்த்தேன். பின்னால் அத்தனை டின் பாரம், வண்டி கேட்கவில்லை. வலது கையை எடுத்தால் முன் பிரேக் போய்விடும், அதனால் அந்த விரல்களைப் பிரிக்கவும் வழியில்லை. "விடு பாக்கியம்" என்று கத்தினேன். "பாக்கியம், இறக்கம்! விடு!" தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தது தெரிந்தது. வளைவு வந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் சுவர் கிடையாது, ஆகாயம்தான்.

மலைப் பக்கம் ஒடித்தேன். சக்கரம் சாக்கடையில் இறங்கி, மண் மேட்டில் உரசிக்கொண்டே போய் ஒரு தேயிலைச் செடியில் முட்டி நின்றது. மூன்று சக்கரம் என்பதால் கவிழவில்லை. டின்கள் திறந்து ரோடெல்லாம் வர்க்கி.

எனக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். எஞ்சின் நின்ற பிறகும் அந்தக் கை விடவில்லை. வலது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். சுண்டு விரலைப் பிரிக்க முழு பலமும் வேண்டியிருந்தது. ஓடி வந்த பெண்களில் ஒருத்தி, "அண்ணே, யாரைக் கூப்பிட்டீங்க? பின்னால யாரும் விழுந்துட்டாங்களா?" என்று செடிகளுக்குள் தேடினாள்.

யாரும் இல்லை என்றேன். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. ரோட்டில், அத்தனை பேர் முன்னால்.

பிப்ரவரி 18, செவ்வாய்

அது அவள் இல்லை.

இறக்கத்தில் அவள் ஒரு நாளும் பிடித்ததில்லை. காய்ச்சலில் வந்த நாளில்கூட, தூங்கி விழுந்த நாளில்கூட, வளைவு தெரிந்ததும் கையை எடுத்துவிடுவாள். விட வேண்டிய இடத்தில் விடத் தெரிந்தவள். நேற்று பிடித்தது விடத் தெரியாத கை. என்னுடைய கைதான். டாக்டர் இழுப்பு என்பார். என்னவோ ஒன்று. நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்துவிட்டாள் என்று ரசம் வைத்துக் கொண்டாடியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதைவிட, அந்தப் பாழாய்ப் போன நாலு நாள் இனி வராதே என்று இருக்கிறது.

பிப்ரவரி 20, வியாழன்

வெள்ளிங்கிரி வந்தான். வண்டியின் பக்கவாட்டைப் பார்த்தான், என் முழங்காலைப் பார்த்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"கிளட்ச்ச வலது பக்கம் மாத்தித் தரட்டுங்களாண்ணா?"

"வேண்டாம். எந்தப் பக்கமும் வேண்டாம். அந்த இன்னொரு வண்டியக் கொண்டா."

"அது இறக்கத்துல சரியில்லைன்னு நீங்கதானுங்ணா சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன்."

"ரொம்ப மெதுவா உருட்டுனாத்தான் எஞ்சின் விட்ரும். கொஞ்சம் ஓட்டத்துலயே வெச்சுக்கங்க, நல்லாத் தாங்குமுங்க" என்றான். கிளம்பும்போது டியூப் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தான். நான் அதைக் கொடுக்கச் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

புது வண்டியில் எல்லாக் கடைகளுக்கும் போகிறேன், கீழ்ஹட்டியைத் தவிர. கிளட்ச்சின் வேலையை இந்த எஞ்சின் தானே செய்துகொள்கிறது. தோள் மட்டும் இன்னும் தூக்குகிறது. தூக்கிவிட்டு, கொஞ்சம் காத்திருந்துவிட்டு மிதிக்கிறேன். அந்தக் காத்திருப்பில் ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. பின்னால் வரும் ஜீப்காரன் ஹாரன் அடிக்கிறான்.

இடது கை மடியில் கிடக்கிறது. அன்றைக்கப்புறம் அசையவே இல்லை.

இந்த வண்டிக்கு அவள் வேண்டியதே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேறு குறை ஒன்றும் சொல்வதற்கில்லை.

பிப்ரவரி 26, புதன்

முதலாளி கேட்டுவிட்டார், கீழ்ஹட்டிக்கு எப்போது என்று. வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

காலையில் நீல முழுக்கைச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஒற்றைக் கையால் போடுவது பெரிய சர்க்கஸ். காலர் கோணலாக வந்தது, இருந்தாலும் மற்ற இடமெல்லாம் கத்தி மாதிரி வந்தது. பயந்தவன் கசங்கிய சட்டையோடு போகக்கூடாது என்று பாக்கியம் சொல்வாள். ஜெயசுதாவைப் பள்ளிக்கூடப் பரீட்சைக்கு அனுப்பும்போது சொல்வாள்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். பிறகு இரண்டாவது கியர். வெள்ளிங்கிரி சொன்னபடி கொஞ்சம் ஓட்டத்திலேயே வைத்தேன். எஞ்சின் உறுமியது, தாங்கியது. அந்தத் தேயிலைச் செடி வந்தது. பாதி ஒடிந்த இடத்தில் பச்சை விட்டிருந்தது. வளைவு வந்தது. கை மடியிலேயே கிடந்தது. வளைவு போயிற்று. அடுத்தது, அதற்கு அடுத்தது. எந்த நேரத்தில் பயம் போனது என்று தெரியாது. கடைசி வளைவில் சீட்டில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

போஜன் டீயை ஆற்றிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். நாலு மாதத்துக்கு அப்புறம் பார்க்கிறார். துக்கம் விசாரிப்பார் என்று நினைத்தேன்.

"என்ன மாசிலாமணி, சட்டை எல்லாம் ஜோரா இஸ்திரி போட்டிருக்கீங்க. அந்தப் பக்கம் மட்டும் விட்டுட்டீங்களே."

"எந்தப் பக்கம்?"

"இடுப்புக்கிட்ட. இடது பக்கம்."

குனிந்து பார்த்தேன். கொத்தாக அள்ளிப் பிடித்த மாதிரி மடிப்பு. என் இடது கையால் அள்ள முடியாது. வலது கையை நான் ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கவே இல்லை.

"இறக்கம் இல்லையா" என்றேன். போஜன் தலையாட்டிவிட்டு டின்னை எண்ணப் போய்விட்டார். டீ ஆறும்வரை நான் அசையவில்லை. அசைந்தால் மடிப்பு கலைந்துவிடும்.

ஜெயசுதா, உன் வீட்டுப்பாடம் முடிந்தது. செமி ஆட்டோமேட்டிக்கையே வைத்துக்கொள்கிறேன். ஏற்றத்தில் கொஞ்சம் திணறும், பழகிவிடும். இறக்கத்தில் ஒரு பயமும் இல்லை.